காலி சீட்டுக்கு ஒரு பெல்ட்

பக்கத்து சீட்டில் என் மனைவி உட்கார்ந்திருக்கிறாள் என்று என் கார் சாதிக்கிறது. அவளுக்கு பெல்ட் மாட்டினால்தான் கிளம்புவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறது. மாட்டாமல் சாவியைத் திருப்பினால் என்ஜின் மூச்சுவிடாது. டாஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் பஸ்ஸர் மட்டும் ஊரைக் கூட்டும். என் மனைவி இறந்து ஏழு மாதம் ஆகிறது. இதைக் காருக்கு எடுத்துச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

ஆகவே தினமும் நான் சுற்றிக்கொண்டு போய், அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து, குனிந்து, காலி சீட்டுக்கு பெல்ட்டை இழுத்து மாட்டி, கதவைச் சாத்திவிட்டு, மறுபடியும் சுற்றி வந்து உட்காருகிறேன். என் சீட்டிலிருந்தே எட்டி மாட்டலாம்தான். ஆனால் படுத்த படுக்கையாக இருந்த அவளைத் தூக்கித் தூக்கியே என் தோள்பட்டை தேய்ந்துபோயிற்று, பக்கவாட்டில் நீட்டினால் உயிர் போகிறது. மாட்டியபடியே விட்டுவைக்கலாமே என்று புத்திசாலிகள் கேட்பார்கள். செய்து பார்த்தாயிற்று. வண்டியை நிறுத்திச் சற்று நேரம் ஆனால் பெல்ட்டை அவிழ்த்துப் புதிதாக மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் நம்பாது. அந்தக் காலத்து வண்டி, ஏமாற்றுக்காரர்களை எல்லாம் முன்கூட்டியே யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

ஏற்பாடு எளிமையானதுதான். முன் சீட் இரண்டுக்கும் மெத்தைக்கு அடியில் தட்டையாக ஒரு சுவிட்ச் இருக்கும். ஆள் உட்கார்ந்தால் அது அழுந்தும். அழுந்திவிட்டால், பெல்ட் மாட்டும்வரை ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் போகாது. இதைக் கணக்குப் பார்த்துச் சொல்ல சீட்டுக்கடியில் கைக்கடக்கமாக ஒரு பெட்டி. வண்டி வாங்கியவர்கள் எல்லோரும் திட்டித் தீர்த்ததால் கம்பெனிக்காரர்கள் சீக்கிரமே இதைக் கைவிட்டுவிட்டார்கள். அது இருந்த கொஞ்ச காலத்தில் செய்த வண்டிகளில் ஒன்று என் தலையில் வந்து விழுந்தது. விழுந்தது என்ன, ஆசைப்பட்டுத் தேடி வாங்கினேன்.

எனக்கு அது பிடித்ததற்குக் காரணம் என் வேலை. நான் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கதவு முழுசாக மூடாமல் லிஃப்ட் நகரக் கூடாது. நான் சாப்பிட்ட சோறே அந்த ஒரு விதியால் வந்த சோறு. கதவில் இருக்கும் பூட்டு பழுதானால், சோம்பேறி மெக்கானிக்குகள் ஒரு துண்டு வயரைப் போட்டு இணைத்துவிட்டுப் போய்விடுவார்கள். லிஃப்ட் ஓடும், கதவு திறந்திருந்தாலும் ஓடும். அப்படி ஒரு வயரைப் பார்த்துவிட்டால் கட்டடத்துக்காரர், மெக்கானிக், வாட்ச்மேன் என்று யாரையும் விடமாட்டேன், கிழித்துத் தோரணம் கட்டிவிடுவேன். அப்பேர்ப்பட்ட நான் என் வண்டியிலேயே ஒரு பாதுகாப்புப் பூட்டைக் கழற்றிப் போடுவதா என்று ஏழு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அதற்குள் என் மகள் ஒரு காரியம் செய்துவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தபோது, நான் காலி சீட்டுக்கு பெல்ட் மாட்டுவதை வாசலில் நின்று ஃபோனில் படம் பிடித்து, "அம்மா இன்னும் அப்பா பக்கத்துல" என்று எழுதி எங்கேயோ போட்டுவிட்டாள். அது எங்கெங்கோ போயிற்று. பெட்ரோல் போடும் இடத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மருந்துக்கடைக்காரர் எழுந்து நின்று, "சார், நீங்கதானே அது?" என்றார். எனக்கு என் மூஞ்சியைப் பார்ப்பதே பிடிக்காது, அதனால் அந்தப் படத்தை நான் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் சேர்ந்து என்னை உத்தமப் புருஷன் ஆக்கிவிட்டார்கள். அதன் பிறகு நான் பெல்ட் மாட்டும்போதெல்லாம் தெருவில் யாராவது ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

எனக்கோ அலுத்துவிட்டது. வேறு வார்த்தை இல்லை. அவள் படுத்த வருஷங்களில் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்து, தூக்கி உட்காரவைத்து, பெல்ட் மாட்டி, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக ஓட்டியவன் நான். குறை சொல்லவில்லை. ஆனால் அவள் போன பிறகும் அந்தக் கடைசி வேலையை மட்டும் என் தலையில் கட்டிவிட்டுப் போனது என்ன நியாயம்? எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். ஏற வேண்டும், சாவியைத் திருப்ப வேண்டும், தனியாகப் போக வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை கடைவீதியில் வண்டியை நிறுத்தியிருந்த இடத்தில் என் பொறுமை முடிந்தது. பின்னால் இரண்டு வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன. நான் குனிந்து பெல்ட்டை இழுக்கும்போது தோள் பிடித்துக்கொண்டது. நிமிர முடியவில்லை. பின்னால் இருந்தவன் தலையை நீட்டி, "யாரை பெருசு உக்காத்தி வைக்கிறீங்க? ஆளையே காணோம்!" என்றான். நடைபாதை ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து நேராக பியூஸக்கா கடைக்கு ஓட்டினேன்.

பியூஸக்கா என்னைவிட இருபது வயதாவது சின்னவள். ஊரே அப்படிக் கூப்பிடுவதால் எனக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே இருந்த சந்துக்குத் தகரக்கூரை போட்டது, வண்டிகளுக்கு வயரிங் பார்க்கும் அவள் கடை. சுவர் முழுக்க ஆணியடித்து நிறம் நிறமாக வயர்ச் சுருள்கள். தரையில் கால் வைக்கிற இடமெல்லாம் அட்டைப்பெட்டி விரித்திருக்கும். எப்போது போனாலும் இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும், செல் போட்ட டெஸ்ட் லாம்பின் வயரைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் பேசுவாள்.

"வாங்க சார். அம்மாவையும் கூட்டிட்டு..." என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு வயரை வாயிலிருந்து எடுத்தாள். "மன்னிச்சுக்குங்க சார். அந்த வீடியோ பாத்ததுலேர்ந்து வாய் தானா வந்துடுது."

"கழட்டணும்மா" என்றேன்.

"எதை?"

"அந்தப் பெட்டி, சுவிட்ச், வயரு, எல்லாத்தையும். சாவியத் திருப்பினா கிளம்பணும். ஒரு கேள்வி கேக்கக் கூடாது."

"நீங்களா சார் சொல்றீங்க? போன தடவை ஹேண்ட்பிரேக் லைட்டுக்கு ஒரு துண்டு வயரு போட்டு சேத்துடறேன்னு சொன்னதுக்கு அரை நாள் பாடம் நடத்தினீங்க. கடைய விட்டே ஓடிடலாமான்னு இருந்துச்சு."

"வாத்தியார் பெயிலாயிட்டாருன்னு வச்சுக்கோ."

அவள் சிரித்துக்கொண்டே பாட்டரி வயரைக் கழற்றப் போனாள். அந்த நேரம் பார்த்து என் மகள் ஃபோன் செய்தாள். அவளுக்கு எப்படித்தான் மூக்கில் வேர்க்குமோ தெரியாது.

"எங்கப்பா இருக்க?"

"பியூஸக்கா கடையில."

"வண்டிக்கு என்ன?"

"பெல்ட் விஷயத்துக்கு ஒரு முடிவு கட்டிடலாம்னு."

ஃபோன் சட்டென்று துண்டானது. அவள் ஆபீஸ் இரண்டு தெரு தள்ளித்தான். வந்துகொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பியூஸக்கா பக்கத்து சீட்டின் போல்ட்டுகளைத் தளர்த்தி, சீட்டை அப்படியே வெளியே தூக்கி அட்டை மேல் வைத்தாள். வெளியே வந்த சீட்டைப் பார்க்க என்னவோ போலிருந்தது. அடியிலிருந்து வந்த இரண்டு வயரிலும் டெஸ்ட் லாம்பை வைத்தாள். லாம்ப் எரிந்தது. சீட் மேல் யாரும் இல்லை, எரிந்துகொண்டே இருந்தது.

"ஆள் இருக்குன்னுதான் சார் சொல்லுது" என்றாள். சீட்டைக் கவிழ்த்துப் போட்டு, விரலை விட்டு மெத்தைக்குள் துழாவினாள். பிறகு குறட்டை எடுத்து எதையோ பிடித்து முறுக்கி முறுக்கி இழுத்தாள். நீளமான ஒரு மர ஸ்க்ரூ வந்தது. தலை இல்லாத ஸ்க்ரூ. அது வந்ததும் லாம்ப் அணைந்துவிட்டது.

"சுவிட்சோட நடு வயித்துல இறங்கியிருக்கு. ரெண்டு தகட்டையும் சேத்துப் பிடிச்சிட்டிருந்திருக்கு. யாரு சார் இதை அடிச்ச புண்ணியவான்?"

"நான்தான்" என்றேன்.

நான்தான் அடித்தேன். அவளுக்கு ஒரு பக்கம் கை கால் முழுதாக விழுந்த பிறகு, சக்கர நாற்காலியிலிருந்து காருக்கு மாற்ற, கதவை மூடும்போது மடக்கிக்கொள்கிற ஒரு வழவழப்பான பலகை செய்தேன். அதன் மேல் அவளை வைத்து நகர்த்தினால் வழுக்கிக்கொண்டு சீட்டுக்கு வந்துவிடுவாள். பலகை அசைந்துகொண்டே இருந்தது. ஒருநாள் அவள் விழப்பார்த்தாள். அன்றைக்கே அவசர அவசரமாக அதைச் சீட்டோடு சேர்த்து மெத்தை வழியாக ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிட்டேன். துளை போடும் முன் பின்னால் என்ன இருக்கிறது என்று பார் என்று எத்தனை பேரைத் திட்டியிருப்பேன். நான் பார்க்கவில்லை. அவள் போன பின் பலகையைக் கழற்றும்போது ஒரு ஸ்க்ரூவின் தலை உடைந்து உடம்பு உள்ளேயே நின்றுவிட்டது.

"அப்ப ரொம்ப நாளாவே இந்தக் கோளாறு இருந்திருக்கணுமே சார். நீங்க கவனிக்கலையா?"

"அவ இல்லாம நான் எங்கம்மா போனேன், கவனிக்கறதுக்கு?"

பியூஸக்கா ஸ்க்ரூவைத் துடைத்து என் கையில் கொடுத்தாள்.

அந்த நேரத்தில் மகள் வந்து சேர்ந்தாள். கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்குகிறது, மூச்சு வாங்குகிறது. அட்டை மேல் கவிழ்ந்து கிடந்த சீட்டைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"யாரைக் கேட்டுக் கழட்டினீங்க?" என்று பியூஸக்காமேல் பாய்ந்தாள்.

"வண்டிக்காரரைக் கேட்டுத்தாம்மா" என்றாள் அவள்.

நான் கையை விரித்து ஸ்க்ரூவைக் காட்டினேன். "இதுதான் இத்தனை நாளா உக்காந்திருந்துச்சு. உங்கம்மா இல்ல. நான் அடிச்ச ஸ்க்ரூ."

அதை அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். அலுத்துப்போனவனுக்கு வாய் நீளம். மகள் அதை என் கையிலிருந்து எடுத்தாள்.

"திரும்ப உள்ள போடுங்க" என்றாள் பியூஸக்காவிடம்.

"ஏம்மா, விளையாடறியா?" என்றேன்.

"நான் விளையாடலப்பா. அது இருந்துட்டுப் போகட்டும். உனக்கு என்ன, ஒரு நிமிஷ வேலை."

"உனக்கு ஒரு நிமிஷம். எனக்குத் தோள் கழலுது."

பியூஸக்கா குறுக்கே வந்தாள். "சார், புதுசா ஒரு சுவிட்ச் செஞ்சு போட்டுடறேனே. ஆள் உக்காந்தா மட்டும் கேக்கும். இல்லேன்னா சும்மா இருக்கும். யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல."

"வேணாம். மொத்தமா கழட்டிடு" என்றேன். "நான் பெல்ட் போட்டுக்குவேன், வர்றவங்களயும் போட வைப்பேன். ஆனா எனக்கு இனிமே ஒண்ணு கத்தி, அதுக்கு நான் ஓடி... அது வேணாம். வீட்டுலயும் மணிதான். மருந்துக்கு மணி, புரட்டிப் போட மணி, அவ தலைமாட்டுல ஒரு மணி. போதும்."

"அப்ப அம்மா போனது உனக்கு நிம்மதியா இருக்கு. அப்படித்தானே?"

இந்தக் கேள்வியை ஏழு மாதமாக யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன். சாவு வீட்டில் எல்லோர் முன்னாலும் அப்படித்தான் நின்றேன். அன்றைக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை.

"ஆமா" என்றேன். "நிம்மதியாதான் இருக்கு."

பியூஸக்கா டீ வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். மகள் சீட்டை நிமிர்த்திப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். தரையோடு தரையாக இருந்ததால் முழங்கால்கள் முகவாய்வரை வந்தன. அழுவாள் என்று நினைத்தேன். அவள் ஃபோனை எடுத்தாள்.

"நீ அந்த வீடியோவ பாக்கவே இல்லல்ல?"

"எனக்கு எதுக்கு அது?"

"இப்பப் பாரு. ஊரெல்லாம் பெல்ட்டப் பாத்துட்டு அழுவுது. நீ பெல்ட்டப் பாக்காத. உன் இடது கையப் பாரு."

வாங்கிப் பார்த்தேன். கூன் விழுந்த ஒரு கிழவன் கார்க் கதவைத் திறக்கிறான். குனிகிறான். வலது கை பெல்ட்டை எடுக்கப் போகிறது. அதற்கு முன்னாலேயே இடது கை எழும்பி, சீட்டுக்கு மேலே, ஒரு ஆள் உட்கார்ந்தால் தலை எங்கே இருக்குமோ அங்கே போய், உள்ளங்கையை விரித்து நிற்கிறது. எதையோ சாய்ந்துவிடாமல் மெல்லத் தாங்குகிறது. பெல்ட் மாட்டுகிற சத்தம் கேட்கிறது. பிறகு இரண்டு விரல் பெல்ட்டுக்குள் போய், கழுத்தை அறுக்காமல் அதைத் தூக்கிவிடுகிறது. கடைசியில்தான் இடது கை, மெதுவாக, பார்த்துப் பார்த்து விலகுகிறது.

அவள் கழுத்து நிற்காது. விட்டால் தலை முன்னால் சரிந்துவிடும். பிடித்துக்கொண்டுதான் மாட்ட வேண்டும். அது சரி. ஆனால் நான் இப்போதும் பிடிக்கிறேன் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. பெல்ட்டை மாட்டிவிட்டு எரிச்சலோடு வருகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வருவேன்" என்றாள் மகள். "பழம் வாங்கிட்டு வருவேன். பக்கத்துல உக்காந்து பேசுவேன். கெளம்பிடுவேன். ஒரு நாள்கூட அம்மா தலைய இப்படிப் புடிச்சதில்ல. எப்படிப் புடிக்கணும்னே தெரியாது. வண்டி பொய் சொல்லுதுன்னு எனக்கும் தெரியும்பா, நான் ஒண்ணும் பைத்தியம் இல்ல. ஆனா வண்டி கேக்கறத நிறுத்திட்டா உன் கையும் நின்னுடும். அப்புறம் அம்மா எங்கயுமே இருக்க மாட்டா."

அவள் சொன்னது சரி. நான் சொன்னதும் சரி. இரண்டு பேரும் சரியாக இருப்பதுபோல் ஒரு தொல்லை வேறு கிடையாது.

"எனக்குக் கை வலிக்குதும்மா" என்றேன். அதுதான் வந்தது. ஏழு மாதமாக இல்லை, அதற்கு முந்தைய வருஷங்களிலும் சேர்த்து யாரிடமும் நான் சொல்லாத வார்த்தை அது.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வீடியோவில் எத்தனையோ தடவை என் கையைப் பார்த்தவள், கைக்கு மேலே இருந்த தோளை இப்போதுதான் பார்க்கிறாள் என்று தோன்றியது. எழுந்து வந்து சட்டைக்கு மேலாகவே தடவிப் பார்த்தாள். எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில் அவள் விரல் நின்றது.

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"அவளக் காட்டவே நேரம் சரியா இருந்துச்சு."

பியூஸக்கா டீயோடு வந்தாள். மூன்று பேரும் நின்றுகொண்டே குடித்தோம். குடித்து முடித்ததும் மகள்தான், "கழட்டிடுங்கக்கா" என்றாள். "நான் லைட் புடிக்கிறேன்."

அவள் மண்டியிட்டு லைட்டைப் பிடித்துக்கொண்டாள். பியூஸக்கா பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள், சுவிட்சை மெத்தையிலிருந்து உரித்து எடுத்தாள், பஸ்ஸரைக் கழற்றினாள். ஸ்டார்ட்டருக்குப் போகிற இரண்டு வயரையும் நேராகச் சேர்த்து முறுக்கி, ஈயம் வைத்து, டேப் சுற்றினாள். நான் உத்தியோகத்தில் இருந்த காலம் முழுக்க எதைப் பிடுங்கி எறிந்தேனோ அதே வேலை. நானே அருகில் நின்று பார்த்தேன். நல்ல கைவேலை என்றுகூடச் சொன்னேன். பிறகு சீட்டை ஏற்றி போல்ட்டுகளை முடுக்கினார்கள்.

"ஒரு தடவ போட்டுப் பாத்துடுங்க சார்."

ஏறி உட்கார்ந்து என் பெல்ட்டை மாட்டிக்கொண்டேன். சாவியைத் திருப்பினேன். உடனே பிடித்துக்கொண்டது. ஒரு கேள்வி இல்லை, ஒரு கத்தல் இல்லை. என்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்துவிட்டது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். சீட் காலியாக இருந்தது. அது காலி என்பதில் இப்போது வண்டிக்கும் சந்தேகமில்லை.

அழுகை வந்தது. சாவு வீட்டில் வரவில்லை, பிறகும் வரவில்லை. சொந்தக்காரர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். செய்ய வேண்டியதைச் செய்துகொண்டிருப்பவனுக்கு எங்கே அழ நேரம்? இந்த நிமிஷம் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. ஊரைப் பொறுத்தவரை அவள் போய் ஏழு மாதம் ஆகிறது, எனக்கு அன்றைக்குத்தான் போனாள்.

பியூஸக்கா பதறிப்போய், "என்ன சார், எங்கயாவது புகையுதா?" என்று பானெட்டைத் திறக்க ஓடினாள். மகள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். என் பக்கத்துக் கண்ணாடி அருகே வந்து நின்று, நான் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"நான் கூட வரட்டுமாப்பா?"

"வேணாம்மா. நீ ஆபீஸுக்குப் போ."

"எங்க போற?"

"தெரியல. சும்மா."

"சரி, போயிட்டு வா" என்று கண்ணாடி விளிம்பிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டேன். சந்து முனையில் வலது பக்கம் திரும்பினால் ஆஸ்பத்திரிக்குப் போகிற சாலை. இடது பக்கம் போனால் என்ன வரும் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. இடது பக்கம் திரும்பினேன்.